கரண்டு செலவழிக்காத கட்டடம்

விருதுக் கடிதம் வந்த அன்று மெர்லின் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு மின்மாற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். தேனிக்குத் தெற்கே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அவள் உதவிப் பேராசிரியர். பன்னிரண்டு வருடத்தில் அவளை வகுப்பின் நடுவே முதல்வர் கூப்பிட்டு அனுப்பியது அதுதான் முதல்முறை. அவள் உள்ளே போனபோது, அவளோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்த கருத்தக்கண்ணன் சார் ஏற்கெனவே லட்டும் கையுமாக அங்கே உட்கார்ந்திருந்தார்.

கடிதம், கட்டட ஆற்றல் கழகம் என்ற அமைப்பிடமிருந்து வந்திருந்தது. கட்டடங்களில் மின்சாரம் எங்கே, எப்படிச் செலவாகிறது என்று கண்காணிக்கும் ஆராய்ச்சிக்காக இந்த ஆண்டின் சிறந்த பொறியாளர்களாக இவர்கள் இருவரையும் தேர்ந்தெடுத்திருப்பதாக அதில் எழுதியிருந்தது.

அவர்கள் செய்தது ஒரு டப்பா. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கட்டடத்துக்குள் நுழைகிற மெயின் கம்பியில் அதை மாட்டிவிட்டால் போதும், வேறெங்கும் கைவைக்க வேண்டியதில்லை. மின்விசிறி ஓடத் தொடங்கும்போது கம்பியில் உண்டாகிற துடிப்பு ஒரு மாதிரி, இஸ்திரிப் பெட்டிக்கு வேறு மாதிரி. வாசலில் வந்து நிற்கும் வண்டியின் சத்தத்தை வைத்தே வந்திருப்பது மாமாவா பால்காரரா என்று அடுப்படியில் இருந்தபடி சொல்லிவிடுகிறோம் அல்லவா, அதைப்போல எந்தச் சாதனம் ஓடுகிறது என்று அந்த டப்பா சொல்லிவிடும். ஓடைப்பட்டிப் பக்கம் இருக்கிற பழப்பயிர்த் தரச்சான்று அலுவலகத்தில் சோதனைக்காக அதை மாட்டி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கூடவே, அலுவலகத்தின் முன்கூடத்தில் பெரிய திரை ஒன்றையும் வைத்திருந்தார்கள். எந்த நேரத்தில் எந்தத் தளத்தில் எது ஓடுகிறது என்பது அதில் எழுத்தாக வந்துகொண்டே இருக்கும். திரை மெர்லினின் யோசனை. கண்ணெதிரே தெரிந்தால் மனிதர்கள் தாமாகவே நிறுத்திவிடுவார்கள் என்று அவள் நம்பினாள்.

அவள் நம்பியது போலத்தான் நடந்தது. முதல் மாதம் மின்செலவு பதினெட்டு விழுக்காடு குறைந்தது. ஆறாவது மாதம் பாதியானது. ஒரு வருடம் முடிந்தபோது தொண்ணூற்றிரண்டு விழுக்காடு குறைந்து அங்கேயே நின்றுவிட்டது. கணக்குகள் எல்லாம் இணையம் வழியாகக் கல்லூரிக்கே வந்துவிட்டதால் நேரில் போய்ப் பார்க்க அவசியம் ஏற்படவில்லை. மாதாமாதம் மெர்லின் அந்த அலுவலகத்துக்கு ஒரு வாழ்த்து மெயில் மட்டும் அனுப்பிவந்தாள்.

"ரெண்டு பேரு போட்டோவோட அந்தக் கட்டடத்தயும் சேத்துப் பெருசா ஒரு பிளெக்ஸ் வைக்கணும்மா" என்றார் முதல்வர். "நல்லாத் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துருங்க."

மறுநாள் காலை மெர்லின் சின்னமனூர் வழியாக ஸ்கூட்டரிலேயே ஓடைப்பட்டிக்குப் போனாள்.

கட்டடத்தின் கதவு திறந்திருந்தது. முன்கூடத்தில் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. 'மின்விசிறி: இல்லை. விளக்கு: இல்லை. பிற: இல்லை.' மேசைகள் வரிசையாகக் கிடந்தன. கோப்புகள் இல்லை. அனுப்புகைப் பிரிவின் மரத்தட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது மெர்லினை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. மாடிக்கும் போய்ப் பார்த்தாள். அங்கே கோழிகூட இல்லை. இன்று அரசு விடுமுறையோ என்று கைப்பேசியில் தேதியைப் பார்த்தாள். புதன்கிழமை. சாதாரணப் புதன்கிழமை.

கீழே வந்து வாசலில் நின்றபோதுதான் கதவில் ஒட்டியிருந்த தாளைக் கவனித்தாள். 'அலுவலகம் எதிரில்.'

எதிரில் திராட்சைத் தோட்டம். பந்தலை ஒட்டி, சுவர் இல்லாத, தகரம் வேய்ந்த ஒரு நீளமான கொட்டகை. பழம் வெட்டும் காலத்தில் பெட்டி கட்டுகிற இடம். அதற்குள் பதினான்கு மேசைகள், கணினிகள், ஒரு பிரிண்டர். மேலே ஒன்பது மின்விசிறிகள் சுழன்றன. ஓரத்தில் மின் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. கொட்டகைக் கோடியில் மோட்டார் தண்ணீரை இறைத்துத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது.

அலுவலகக் கண்காணிப்பாளர் தங்கப்பாண்டி எழுந்து ஓடிவந்தார்.

"வாங்க மேடம், வாங்க. ஏம்மா கிருபாவதி, மேடத்துக்கு அந்தச் சேரத் தண்ணி விழுற பக்கமாப் போடு. அங்கனதான் குளிச்சியா இருக்கும்."

மெர்லின் உட்காரவில்லை. "என்ன சார் இது? எப்பயிருந்து இங்கன இருக்கீக?"

"ஒரு பத்து மாசம் இருக்கும் மேடம். நீங்க தப்பா நினைக்கக் கூடாது. ஒங்க டப்பா நல்ல டப்பாதான். அந்தத் திரைதான் எங்களுக்குச் சரிப்பட்டு வரல." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாளு காலையில 'இஸ்திரிப் பெட்டி, மேல் மாடி'ன்னு அதுல வந்துச்சு. சான்றிதழ் வாங்க வந்திருந்த வெவசாயிக பூராம் மாடிய அண்ணாந்து பாத்தாக. நான் கசங்காத சட்டையோட படியில எறங்கி வாரேன்."

"அதுக்காகவா?"

"மறுநாள்லருந்து சோலி இல்லாதவுகளும் வந்து ஒக்காந்துட்டாக மேடம். 'இப்ப யாரோ டீ போடுறாக, இப்ப ரெண்டாவது டீ'ன்னு வாசிப்பாக. பெஞ்சு பத்தல. ஒரு தடவ 'அடையாளம் தெரியாத சாதனம்'ன்னு வந்துருச்சு. சாயந்தரம் வரைக்கும் ஒருத்தரும் எந்திரிச்சுப் போகல. அது கிருபாவதி முடி காயவைக்கிற மிஷினு."

கிருபாவதி தட்டச்சிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

முதலில் இஸ்திரிப் பெட்டி மட்டும்தான் சாலையைக் கடந்ததாம். அதன்பின் அடுப்பு. அடுப்பு போன இடத்துக்கு ஆட்கள் போனார்கள். ஆட்கள் போன இடத்துக்குக் கோப்புகள் போயின.

தோட்டத்துச் சொந்தக்காரி பாண்டீஸ்வரி, ஐம்பது வயதுக்காரி, கையில் கத்தரியோடு பந்தலுக்குள்ளிருந்து வந்தாள். "டப்பா மாட்டுன டீச்சரு நீதானா? நல்லா இரு ஆத்தா. இவுக வாரதுக்கு முந்தி தகரத்தத் தட்டித் தட்டி எனக்குக் கையி ஓஞ்சு போச்சு. இப்பக் காலையில இவுக பேர வாசிச்சு ஆஜர் எடுக்காக பாரு, அந்தச் சத்தத்துக்கே கிளி பூராம் கெளம்பிருது. போன வெட்டுக்கு ஒரு கொத்துச் சேதம் இல்ல."

"இங்கன கரண்டு எப்படி சார்?" என்று மெர்லின் கேட்டாள்.

"வெவசாயக் கரண்டு மேடம். இதுக்கு மீட்டரே கெடையாது" என்றார் தங்கப்பாண்டி, ஒரு நல்ல செய்தியைச் சொல்கிறவர் போல.

மெர்லின் மேலே சுழன்ற மின்விசிறிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லணும்னுதான் இருந்தோம். நீங்க மாசாமாசம் வாழ்த்து அனுப்பிக்கிட்டே இருந்தீக. மனசு வரல மேடம்."

அவள் மறுபடி கட்டடத்துக்குப் போய் மெயின் பலகையைத் திறந்தாள். ஆளே இல்லாத கட்டடத்தில் மிச்சம் எட்டு விழுக்காடு எங்கே போகிறது என்று பார்த்தாக வேண்டியிருந்தது. அரைமணி நேரத்தில் தெரிந்துவிட்டது. டப்பா, திரை, இணையக் கருவி. கரண்டு செலவாகவில்லை என்று கண்காணிப்பதற்கு மட்டுமே அந்தக் கட்டடத்தில் கரண்டு செலவாகிக்கொண்டிருந்தது. போட்டோ எடுக்காமலேயே அவள் திரும்பி வந்தாள்.

கருத்தக்கண்ணன் ஆய்வகத்தில் பற்றவைப்புக் கோலை ஆறவைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"மெர்லின் மேடம், நம்ம கட்டுரைத் தலைப்பு என்ன? 'கட்டடங்களில் ஆற்றல் பயன்பாடு.' கட்டடம் அங்கனயேதான இருக்கு? ஆளுக எங்க இருக்காகன்னு நாம ஆராயலையே."

"சார்."

"சும்மா சொல்லிப் பாத்தேன். கம்பத்துலருந்து என் மச்சினன் விருது விழாவுக்கு வேன் பிடிச்சு வாரேன்னு சொல்லிட்டான்." இன்னும் கொஞ்சம் துடைத்தார். "நீங்க கழகத்துக்கு எழுதுங்க. என் பேரையும் போட்டே எழுதுங்க. விருதத் திருப்பி எடுக்கணும்னா ரெண்டு பேருட்டயும் சேத்தே எடுக்கட்டும்."

அன்றே அவள் எழுதினாள். ஒன்றையும் மறைக்கவில்லை, கோழியைக்கூட. எழுதி அனுப்பியபின் நெஞ்சு இலேசானது. நான்காம் நாள் கழகத் தலைவர் பேராசிரியர் சசிதரன் திருவனந்தபுரத்திலிருந்து போனில் கூப்பிட்டு, மலையாளம் கலந்து பேசினார்.

"மெர்லின் மேடம் அல்லே? லெட்டர் கிட்டி. வளர சந்தோஷம்."

"சந்தோஷமா சார்?"

"முப்பது வருஷமா கட்டடத்துல கரண்டக் குறைக்க நாங்க என்னெல்லாமோ செய்து பார்த்தாச்சு. கண்ணாடி மாத்தினோம், கூரை மாத்தினோம், பல்பு மாத்தினோம். ஆள மாத்தணும்னு ஒருத்தருக்கும் தோணலையே."

"சார், நாங்க ஆள மாத்தல. உள்ள ஆளே இல்ல."

"அதே. அதேதான் நானும் பறையுறது."

மறுவாரம் திருத்திய கடிதம் வந்தது. 'கட்டடத்தையும் அதைப் பயன்படுத்துவோரையும் வெற்றிகரமாகப் பிரித்தமைக்காக' என்று விருதின் காரணம் மாற்றப்பட்டிருந்தது. விழாவை மதுரை ஓட்டலில் வைக்காமல், சாதனை படைத்த அந்தக் கட்டடத்திலேயே வைப்பது என்றும் கழகம் தீர்மானித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சொந்த ஊரான ராயப்பன்பட்டியில் மெர்லின் மாதா கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். செய்யாத சாதனைக்கு விருது வாங்கப் போவதைச் சாமியாரிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "திருப்பிக் கொடுக்க முயற்சி பண்ணுனியா?" என்றார்.

"பண்ணினேன் சாமி. கூடுதலாக் குடுக்குறாக."

சாமியார் தட்டியருகே நெருங்கி வந்தார். "நம்ம கோயில்லயும் கரண்டு ரொம்ப இழுக்குதும்மா. அந்த டப்பா ஒண்ணு மாட்ட முடியுமா?"

அடுத்த ஞாயிறு பூசையில் பங்குச் சனம் மொத்தமும் சாலைக்கு எதிர்ப்புறம் நிற்பது மெர்லினின் மனக்கண்ணில் வந்தது. முடியாது சாமி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

வீரபாண்டித் திருவிழா முடிந்த மறுவாரம் விழா நடந்தது. கத்திரி வெயில். சாதனை கெட்டுவிடக் கூடாது என்பதால் மின்விசிறி போடக் கூடாது, விளக்குப் போடக் கூடாது, மைக் கிடையாது என்று கழகம் எழுத்தில் உத்தரவு போட்டிருந்தது. சன்னல்கள் திறந்திருந்தால் வெளிச்சத்தில் திரை தெரியவில்லை. ஆகவே சன்னல்களையும் சாத்திவிட்டார்கள். இருட்டில் எழுபது பேர் அழைப்பிதழால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கருத்தக்கண்ணனின் பட்டுச்சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அலுவலக ஊழியர்களையும் மரியாதைக்காக வரவழைத்திருந்தார்கள். பத்து மாதம் கழித்து உள்ளே வந்த தங்கப்பாண்டி, தன் பழைய நாற்காலியின் பக்கத்தில் நின்று, "இங்கன யாரும் ஒக்காந்திருக்காகளா?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தார். கோழியை மட்டும் யாரும் எழுப்பவில்லை.

சசிதரன் அரைமணி நேரம் தொண்டை கிழியப் பேசினார். அடுத்து மெர்லினைக் கூப்பிட்டார்கள். அவள் எழுதிவந்த தாளை இருட்டில் படிக்க முடியவில்லை. மடித்து வைத்துவிட்டாள்.

"இந்தக் கட்டடம் எதையும் மிச்சம் பிடிக்கல" என்று உரக்கச் சொன்னாள். "இதில ஆளே இல்ல. ஆபீசு எதிர்த்தாப்ல கொட்டகையில நடக்குது. அங்கன எவ்வளவு கரண்டு ஆகுதுன்னு எங்களுக்குத் தெரியாது. நாங்க வச்ச திரைக்குப் பயந்துதான் இவுகள்ளாம் போனாக. தப்பு எங்களது."

முன்வரிசை கைதட்டியது. இரண்டாம் வரிசைக்குப் பாதிதான் கேட்டது. அவர்கள் மூன்றாம் வரிசைக்குச் சொன்னார்கள், மூன்றாம் வரிசை பின்னால் திரும்பிச் சொன்னது. கம்பத்து வேனில் வந்தவர்கள் இருந்த கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது செய்தி, "எதிர்த்தாப்ல கொட்டகையில சாப்பாடு போடுறாகளாம்" என்று ஆகியிருந்தது. பிரியாணி அண்டா உண்மையிலேயே அங்கேதான் இறங்கியிருந்தது. கடைசி வரிசை எழுந்தது. அதைப் பார்த்து மற்ற வரிசைகளும் எழுந்தன. சாலையின் அந்தப் பக்கம் ஒன்பது மின்விசிறிகள் சுழல்வது வாசலிலிருந்தே தெரிந்தது.

கூடத்தில் சசிதரன், மெர்லின், கருத்தக்கண்ணன், தங்கப்பாண்டி நால்வர் மட்டுமே மிஞ்சினார்கள். சசிதரன் சற்றும் தளராமல் கேடயங்களைக் கொடுத்தார். பிறகு அறிவித்தார். "இப்போது சாதனையை முழுமையாக்குவோம்." மெயின் பலகையருகே போய், டப்பாவுக்கும் திரைக்கும் இணையக் கருவிக்கும் போகிற சுவிட்சை அணைத்தார். திரை கறுத்தது. "நூறு விழுக்காடு" என்றார். தங்கப்பாண்டி கைதட்டினார்.

சசிதரன் சாப்பிடக் கிளம்பியபோது மெர்லின் கேட்டாள்.

"சார், இந்த டப்பாவ நான் எடுத்துக்கிடலாமா?"

"தாராளமா. இனி அதுக்கு இங்க வேலை இல்லையே."

அவள் கேடயத்தைக் கருத்தக்கண்ணனிடம் கொடுத்துவிட்டு, திருப்புளியால் டப்பாவைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

கொட்டகையின் மெயின் கம்பியருகே அவள் நாற்காலி போட்டு ஏறியதும் பாண்டீஸ்வரி ஓடிவந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். விழாமல் இருக்கவா, ஏறாமல் இருக்கவா என்று சொல்ல முடியவில்லை.

"ஆத்தா, இத இங்கன மாட்டுனா இவுக பூராம் இன்னோரு எடத்துக்குப் போயிருவாகளே. கொடி பிஞ்சுவிடுற நேரம், கிளி வந்துரும்."

"திரை வைக்க மாட்டேன் அக்கா. என்ன வருதுன்னு நான் மட்டுந்தான் பாப்பேன்."

"யாருட்டயும் சொல்ல மாட்டியே?"

"யாரு இஸ்திரி போட்டான்னு சொல்ல மாட்டேன். எவ்வளவு ஆச்சுன்னு மட்டும் எழுதுவேன்."

எலும்பைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்த தங்கப்பாண்டி, "இப்படி மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க ரோட்டத் தாண்டியிருக்கவே மாட்டோமே மேடம்" என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் மெர்லினுக்குச் சுருக்கென்றது.

ஒரு மாதம் கழித்துக் கணக்கைப் பார்த்தாள். மின்விசிறி, அடுப்பு, இஸ்திரி எல்லாம் பழைய கட்டடத்தில் முதல் நாள் இருந்த அளவில் அப்படியே இருந்தன. ஒரு துளி மிச்சம் கிடையாது. ஆனால் அவை எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைப்போல மூன்று மடங்கை வேறொன்று விழுங்கிக்கொண்டிருந்தது. மோட்டார். காலையில் ஆஜர் எடுக்கும்போது தொடங்கினால் அலுவலகம் முடியும்வரை அது நிற்கவில்லை.

"கொடிக்கு அவ்வளவு தண்ணி வேணுமா அக்கா?"

"கொடிக்கு ரெண்டு மணி நேரம் போதும். மிச்சம் தொட்டியில விழுந்து, வாய்க்கால்ல போயி, திரும்பக் கெணத்துக்குள்ளயே விழுந்துரும். தண்ணி எங்கயும் போகல."

"பிறகு எதுக்கு ஓடுது?"

பாண்டீஸ்வரி தங்கப்பாண்டியைப் பார்த்தாள். தங்கப்பாண்டி தகரக் கூரையைப் பார்த்தார். தகரம் காய்ந்தால் கீழே இருக்க முடியாது, தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தால்தான் காற்றில் ஈரம் வரும், கோப்பு நகரும் என்று அவர் விளக்கினார். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று, கிணற்றிலிருந்து கிணற்றுக்கே தண்ணீரைச் சுற்றவிட்டு, பதினான்கு பேருக்கு விசிறிக்கொண்டிருந்தது.

மெர்லினும் கருத்தக்கண்ணனும் அடுத்த சனிக்கிழமை ஒரு வண்டி தென்னங்கீற்றோடு வந்தார்கள். கம்பத்து மச்சினனும் கூட வந்தான். தகரத்தின்மேல் இரண்டு அடுக்காகக் கீற்று வேய்ந்தார்கள். பட்டுச்சட்டை இல்லாத கருத்தக்கண்ணன் கூரையில் நல்ல சுறுசுறுப்பாக இருந்தார். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு மெர்லின் மோட்டாரை நிறுத்தினாள். கொட்டகைக்கு வந்ததிலிருந்து முதன்முறையாக வேலை நேரத்தில் அமைதி வந்ததும் பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் தலைதூக்கி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ மெதுவாக இருமினார்கள். பின்பு வேலை நடந்தது. வெயில் ஏறியது. ஒருவரும் மோட்டாரைப் போடச் சொல்லவில்லை.

பழைய கட்டடத்தைக் கழகம் மாதிரிக் கட்டடமாக அறிவித்துப் பலகை மாட்டியது. அதைப் பார்க்க வெளியூர்க் குழுக்கள் வந்தன. வருகிறவர்கள் உள்ளே போனால் விளக்குப் போட வேண்டியிருக்கும் என்பதால், சாலையில் நின்றே பார்த்துவிட்டுப் போக ஏற்பாடாயிற்று.

கொட்டகையில் கண்டதை மெர்லின் கட்டுரையாக எழுதினாள். ஒன்றரை வருடத்தில் இல்லாத அளவு மிச்சம், எங்கேயும் ஒளிந்துகொள்ளாமல் உண்மையாக வந்திருந்தது. முதல் ஆய்விதழ் அதைத் திருப்பி அனுப்பியது. இரண்டாவது இதழ் வெளியிடச் சம்மதித்தது, ஆனால் ஒரு கேள்வி கேட்டது. இது கட்டடங்களுக்கான இதழ். நீங்கள் அனுப்பியிருக்கும் படத்தில் கூரையும் தூண்களும் மட்டுமே இருக்கின்றன. எங்கள் விதிப்படி கட்டடம் என்றால் குறைந்தது ஒரு சுவராவது இருக்க வேண்டும்.

மெர்லின் அதைப் பாண்டீஸ்வரியிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"ஒரே ஒரு சுவரு போதுமாமா?"

"போதுமாம் அக்கா."

பாண்டீஸ்வரி கொட்டகையைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள். ஆனி பிறந்தால் மேற்கிலிருந்து சாரல் அடிக்கும், பெட்டிகள் நனையும் என்று அவள் வெகுநாளாக யோசித்து வைத்திருந்தாள் போலிருந்தது.

"மேக்க வச்சிக்கிருவோம். எனக்கும் ஆகும்."

தங்கப்பாண்டி தன் மேசையை இரண்டு அடி நகர்த்திக் கொடுத்தார். கருத்தக்கண்ணன் கயிற்றின் ஒரு முனையைத் தூணில் பிடித்துக்கொண்டார். மெர்லின் மறுமுனையை இழுத்துக்கொண்டு போய், சுவர் வரவேண்டிய இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட ஆரம்பித்தாள்.